தவணை தவறினால் மறுவாரமே வீடு பூட்டுவார்களா? கணவன் – மனைவி – கடன் படத்துக்குத் திரைக்கதை ஆலோசனை

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். காதல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியைப் பணம் எப்படிச் சோதிக்கிறது என்பதுதான் கதை. 110 நிமிடப் படம். களம் கோவை. முரளி கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்து பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குக் கடைசல் வேலை) செய்கிறான். தேவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 24,000. 2021 ஆகஸ்டில் சரவணம்பட்டியில் 40 லட்சத்துக்கு ஃப்ளாட் வாங்குகிறார்கள். 30 லட்சம் வங்கிக் கடன், இருவர் பேரிலும். வட்டி 7 சதவீதம், 20 வருடம்.

இப்போது எழுதி வைத்திருப்பது இது: 2023-ல் வட்டி ஏறி ஒரு தவணை தவறுகிறது. அடுத்த வாரமே நாலு பேர் வந்து மிரட்டி, வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முரளி, லாக்கரில் இருக்கும் தேவியின் 12 பவுன் நகையை அவளுக்குத் தெரியாமல் எடுத்து அடகு வைக்கிறான். தேவியின் கல்லூரித் தோழன் துபாயிலிருந்து வருகிறான், 5 லட்சத்தை ரொக்கமாக ஒரு பையில் போட்டுத் தருகிறேன் என்கிறான். சந்தேகம், சண்டை, பிரிவு, கடைசியில் சேர்கிறார்கள்.

படித்த மூன்று பேருமே ஒரே கருத்தைச் சொன்னார்கள்: முதல் பாதியில் உயிர் இருக்கிறது, இரண்டாம் பாதி சீரியல் மாதிரி ஆகிவிட்டது. பணம் சம்பந்தமான இடங்கள் நிஜத்தில் எப்படி நடக்கும், அதிலிருந்து காட்சியை எப்படி எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணத்தைப் படம்பிடிப்பதிலும் சந்தேகம் உண்டு: நோட்டுக் கட்டு, போன் திரை, இதெல்லாம்.

---

பேரேடு பதில்:

உங்கள் கதைக்கு நீங்கள் எடுத்திருக்கும் தேதியே பெரிய வரம். அதைப் பயன்படுத்தாமல் அடியாட்களிடம் போய்விட்டீர்கள்.

30 லட்சம், 7 சதவீதம், 240 மாதம். மாதத் தவணை 23,259. முதல் மாதத் தவணையில் 17,500 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 5,759. இதை இருவரும் சேர்ந்து கட்டுகிறார்கள், கஷ்டமில்லை. 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து உயர்த்த ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில் அது 6.5. மொத்தம் இரண்டரை சதவீத ஏற்றம். ரெப்போவோடு இணைந்த வீட்டுக்கடனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியாக வேண்டும். ஆக 7 சதவீதத்தில் வாங்கிய கடன் ஒன்பது மாதத்தில் 9.5-க்கு வந்து நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வட்டி ஏறினால் பெரும்பாலான வங்கிகள் அப்போது உடனே தவணையை ஏற்றவில்லை. தவணைத் தொகையை அப்படியே விட்டு மாதங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. கணக்கிலிருந்து எப்போதும் போல 23,259 எடுக்கப்படுகிறது, எஸ்எம்எஸ் வருகிறது, அழித்துவிடுகிறார்கள். உள்ளே கடன் நீண்டுகொண்டே போகிறது.

எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 18 தவணை கட்டியபின் பாக்கி சுமார் 28.91 லட்சம். (வட்டி படிப்படியாக ஏறியதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரே தாவலாக வைத்திருக்கிறேன்.) அதற்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 22,887. கட்டுவது 23,259. அசலில் கழிவது வெறும் 372 ரூபாய். இதே தவணையில் போனால் கடன் முடிய இன்னும் 524 மாதம், 43 வருடத்துக்கு மேல். அதை எந்த வங்கியும் அனுமதிக்காது. ஓய்வு வயது வரம்பு குறுக்கே வரும். அப்போதுதான் கடிதம் வருகிறது: பழைய காலத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் தவணை 27,697. வித்தியாசம் மாதம் 4,438 ரூபாய்.

ஒரு கல்யாணத்தை ஆட்டிவைக்க ஐந்து லட்சமெல்லாம் வேண்டியதில்லை. இந்த 4,438 போதும், ஏனென்றால் அது ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி வரும். இப்படி ஓசையில்லாமல் நீட்டியதில் கடன்காரர்கள் திணறிய பிறகுதான், தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்டாக வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்கள் கதையில் கடன் நீள்வது அதற்கு முன்னால் நடக்கிறது. நல்லது.

இனி பூட்டு விஷயம். ஒரு தவணை தவறினால் நடப்பது: கணக்கில் பணமில்லாமல் மேண்டேட் (தவணையைத் தானாக எடுக்க நாம் தந்த அனுமதி) திரும்பும், அதற்கு அபராதம், பிறகு வங்கியிலிருந்து போன். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியாயிற்று. 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன். அதன்பிறகு, அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில், பாக்கியைக் கட்டச் சொல்லி 13(2) நோட்டீஸ், 60 நாள் அவகாசம். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். அப்புறம்தான் சுவாதீன அறிவிப்பு, அதாவது சொத்தை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்வது: வீட்டுக் கதவில் ஒட்டி, இரண்டு செய்தித்தாளில் போடுவார்கள், ஒன்று தமிழில். இந்தக் கட்டத்திலும் பெரும்பாலும் குடும்பம் உள்ளேயேதான் இருக்கும். ஆளை வெளியேற்ற வங்கி வழக்கமாக நடுவர் நீதிமன்றம் அல்லது மாவட்ட ஆட்சியரின் உத்தரவோடுதான் வரும். மார்ச் 5 தவறினால் கதவில் காகிதம் ஒட்டவே ஆகஸ்ட் கடந்துவிடும்.

அடியாட்கள் காட்சியை எடுத்துவிட்டு இதை யோசித்துப் பாருங்கள். பசை காயாத காகிதம் கதவில். கடன்காரர்கள் என்று இருவர் பெயரும், பாக்கித் தொகையும், ஃப்ளாட்டின் நான்கு எல்லையும், "இச்சொத்து தொடர்பாகப் பொதுமக்கள் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்ய வேண்டாம்" என்ற வரியும் அதில் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படிக்கிறார். தேவி பள்ளியிலிருந்து படியேறி வருகிறாள். மிரட்டல் வசனம் ஒன்றுகூடத் தேவைப்படாது.

---

உரைகல் பதில்:

நகைப் பகுதியில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரி முதல், லாக்கரை யார் திறந்தாலும் அன்று மாலைக்குள் தேதி, நேரத்தோடு பதிவான எண்ணுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். 2023-ல் தேவிக்குத் தெரியாமல் லாக்கரைத் திறக்க முடியாது என்று பார்வையாளர்களில் பாதிப்பேருக்குத் தெரியும்.

வழி இருக்கிறது. லாக்கர் இருவர் பேரில், யாராவது ஒருவர் இயக்கலாம் என்ற ஏற்பாட்டில் இருக்கட்டும். பதிவான எண் முரளியுடையதாக இருக்கட்டும். கல்யாணமான புதிதில் படிவம் நிரப்பும்போது "உங்க நம்பரையே போட்டுருங்க" என்று தேவியே சொல்கிற ஒரு நொடி முதல் பாதியில் வரட்டும். அப்போது அது கொஞ்சல், பிற்பாதியில் அதுவே கண்ணி. லாக்கர் பதிவேட்டில் கையெழுத்தும் நேரமும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தேவி அடுத்தமுறை போகும்போது தன் கையெழுத்துக்கு மேல் வரியில் முரளியின் கையெழுத்தைப் பார்க்கலாம்.

அடகு நடைமுறை: ஆதார், பான், நகை தன்னுடையதுதான் என்ற உறுதிமொழிக் கையெழுத்து. ரசீது கேட்பது அபூர்வம். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்ப்பார், எடை போடுவார், கல், அரக்கு, நூல் எடையைக் கழிப்பார். 12 பவுன் என்றால் 96 கிராம். கழிவு 5 கிராம் போக நிகரம் 91. அப்போதைய விலை கிராமுக்கு 5,200 என்று வைத்தால் அன்றைய 75 சதவீத வரம்பில் கிராமுக்கு 3,900, மொத்தம் 3,54,900. உங்கள் கதையில் "12 பவுனுக்கு 5 லட்சம்" என்று முரளி வாங்கிவருவதாக இருந்தால் மாற்றுங்கள், அன்றைய விலையில் அவ்வளவு கிடைக்காது. 12 சதவீத வட்டி என்றால் மாதத்துக்கு 3,549. மாதம் 4,438 பற்றாக்குறையை அடைக்க மாதம் 3,549 வட்டிக்கு நகையை வைக்க யாரும் மாட்டார்கள். ஆகவே பெரிய ஓட்டை வேறெங்கோ இருக்க வேண்டும், பட்டறையில். அதை எழுதினால்தான் நகை போவது நம்பும்படி இருக்கும்.

சட்டையில் அடகுச் சீட்டு அகப்படுவது நூறு படத்தில் வந்துவிட்டது. அதைவிட நுட்பமான அடையாளம் நகையிலேயே இருக்கிறது. உரைகல்லில் தேய்த்த இடம், வளையலின் உள்விளிம்பிலோ ஆரத்தின் கொக்கிக்குப் பின்னாலோ, மெல்லிய தட்டையாகத் தெரியும். போட்டுக் கழற்றிப் பழகியவளுக்கு விரல் பட்டாலே தெரிந்துவிடும். முரளி மீட்டுக் கொண்டுவந்து வைத்தபிறகு அவள் கண்டுபிடித்தால், தொலைந்தது நகை அல்ல என்பது ஒரு குளோசப்பில் முடிந்துவிடும்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குப் பெற்றோர் போட்ட நகை சீதனம். அது முழுக்க அவளுடைய சொத்து, கணவன் வெறும் பாதுகாவலன் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. 2024-ல் இன்னொரு தீர்ப்பில், இக்கட்டில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் நகையையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் தார்மீகக் கடமை அவனுக்கு உண்டு என்றது. தேவி போலீசுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. போக முடியும் என்று அவளுக்குத் தெரிந்தும் போகாமல் இருப்பதாக எழுதினால் அந்தப் பாத்திரத்துக்குக் கனம் கூடும்.

---

நொய்யல்கரை:

இருவருக்கும் நன்றி. பட்டறையில் ஓட்டை என்றால் எந்த மாதிரி? "நஷ்டம் வந்துவிட்டது" என்று ஒரு வரியில்தான் எழுதியிருந்தேன். துபாய் நண்பனை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிவிடலாமா?

---

பேரேடு:

நஷ்டம் வேண்டாம். வேலை நிறைய இருக்கட்டும், பணம் மட்டும் வராமல் இருக்கட்டும். ஜாப் ஒர்க் பட்டறைகளின் நிலைமை அதுதான், நாடகத்துக்கும் அதுவே நல்லது. ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் பரிதாபம் வரும். ராத்திரி பத்து மணி வரை உழைத்தும் கையில் காசில்லாதவனிடம்தான் மனைவி "என்னதான் பண்றீங்க?" என்று கேட்பாள்.

எண்ணோடு சொல்கிறேன். ஜனவரியில் 1,80,000-க்கு பில் போடுகிறான். ஜாப் ஒர்க்குக்கு அப்போது ஜிஎஸ்டி 12 சதவீதம், 21,600. பில் போட்ட மறுமாதம் 20-ம் தேதிக்குள் இந்த 21,600-ஐ அரசுக்குக் கட்டியாக வேண்டும். கம்பெனி பணம் தந்ததா இல்லையா என்று வரித்துறை கேட்காது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் இருக்கிறது, நடைமுறையில் 90 நாள், 120 நாள். சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்து, நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் கோவை பட்டறைகளைக் கடுமையாகப் பாதித்தது. போராட்டமே நடந்தது. ஓடாத லேத்துக்கும் நிலைக்கட்டணம் உண்டு. கூலியைச் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

5-ம் தேதி வீட்டுத் தவணை, 20-ம் தேதி ஜிஎஸ்டி, ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி. இந்த மூன்றையும் காலண்டரில் குறித்துக்கொண்டு எழுதுங்கள். கூலிக்காக முரளி முதலில் தண்டல் வாங்கலாம்: கையில் 8,500 தந்து, தினம் 100 வீதம் 100 நாள் 10,000 வசூலிப்பது. தினமும் சாயங்காலம் பட்டறை வாசலில் வந்து நிற்கும் பைக்குக்கு வசனமே தேவையில்லை. மூன்று நாலு தண்டல், ஜிஎஸ்டி, மின்கட்டணம், கூலி பாக்கி எல்லாவற்றையும் மொத்தமாக அடைக்கத்தான் நகை போகிறது என்றால் 3,54,900 கணக்குப் பொருந்தும்.

---

காட்சி எண் பதில்:

மேலே இருவரும் தந்ததை வசனமாக மாற்றிவிடாதீர்கள், முதல் எச்சரிக்கை அதுதான். பணக் கதைகள் கெடுவது அங்கேதான். இருவரும் சோபாவில் உட்கார்ந்து வட்டி விகிதத்தைப் பார்வையாளருக்குப் பாடம் எடுப்பார்கள்.

திரைக்கதையைத் திருத்துவதற்கு முன் ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் 2023 செப்டம்பர் வரை, மாதத்துக்கு ஒரு வரி. வரவு, செலவு, கையிருப்பு. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி: "முரளிக்குத் தெரியுமா", "தேவிக்குத் தெரியுமா". எந்த வரியில் இந்த இரண்டும் வேறுபடுகிறதோ அந்த வரியில்தான் காட்சி இருக்கிறது. இருவருக்கும் தெரிந்த செலவில் நாடகம் இல்லை, அதை ஒரு ஷாட்டில் தாண்டிவிடலாம். தவணை மாதங்கள் நீண்டது இருவருக்குமே தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அந்த மாதத்தில்தான் அவர்கள் மிகவும் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஊட்டி போகட்டும், புது கர்ட்டன் வாங்கட்டும்.

இந்தப் படத்தில் கல்யாணத்தைச் சோதிப்பது "எவ்வளவு" இல்லை, "எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்" என்பது. உங்கள் இரண்டாம் பாதியில் தொகை பெரிதாகிக்கொண்டே போகிறது, மறைத்த காலம் அப்படியே நிற்கிறது. அதனால்தான் சீரியல் வாடை. தொகையைக் குறையுங்கள், மறைத்த நாட்களைக் கூட்டுங்கள்.

தேவிக்கு எப்படித் தெரியவருகிறது என்பதற்கு என் யோசனை: கடன் இருவர் பேரில். தவணை தவறினால் இருவருடைய கடன் அறிக்கையிலும் ஏறும். பள்ளிக்குப் போக ஸ்கூட்டர் வாங்கலாம் என்று தேவி ஷோரூமில் உட்கார்ந்திருக்கிறாள். நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள். கடன் பிரிவுப் பையன் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி "மேடம், ஹவுஸிங் லோன்ல 60 நாள் காட்டுதுங்க" என்கிறான். அந்த அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதங்களில் 000. கடைசிக் கட்டங்களில் 030, 060. வரிசையாகப் பூஜ்யங்கள், பிறகு அந்த இரண்டு எண். ஒரு கல்யாணத்தின் மருத்துவ அறிக்கை மாதிரி இருக்கும், குளோசப் வையுங்கள். அவள் சம்பாதித்த நல்ல பெயரும் சேர்ந்து கெட்டிருக்கிறது, அதுவும் மூன்றாம் மனிதன் வாயால் தெரியவருகிறது.

துபாய்க்காரனை வைத்துக்கொள்ளலாம், வில்லனாக வேண்டாம். அவன் நல்லவனாக இருந்தால்தான் முரளிக்கு வலிக்கும். பையில் ரொக்கம் மட்டும் கூடாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவது அப்போதைய வருமானவரிச் சட்டம் (1961) 269எஸ்எஸ் பிரிவுக்கு எதிரானது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். படித்த இருவரும் அதைச் செய்வார்களா என்ற கேள்வி எழும். அவன் வங்கி வழியாகவே அனுப்பட்டும், தேவியின் கணக்குக்கு. வங்கியில் போனால் பெயர் பதிவாகும். ஸ்டேட்மென்டில் ஒரு வரியில் அவன் பெயரும் 5,00,000-மும் நிற்கும். முரளி அதைப் பார்க்க ஒளிந்து பார்க்க வேண்டியதில்லை, வங்கிக்குக் கொடுக்க தேவியே அச்சடித்து மேசையில் வைத்த தாள்தான். அவள் மறைக்கவில்லை. மறைத்தவன் இவன். கோபப்படும் உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தே அவன் கோபப்படுகிறான். படத்தின் சிறந்த காட்சி இங்கே இருக்கிறது, அவசரப்படாமல் எழுதுங்கள். நாலு நிமிடம் போனாலும் தப்பில்லை.

நண்பன் புரோ நோட்டு கேட்கிறானா, "எழுத்தெல்லாம் எதுக்கு" என்கிறானா என்பதையும் தீர்மானியுங்கள். கேட்டால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் குறுக்காகக் கையெழுத்து. அது மரியாதையான கடன், முரளியால் தாங்க முடியும். "எழுத்து வேண்டாம்" என்றால்தான் விஷம், ஏனென்றால் எழுத்தில்லாத கடனை எப்போது அடைத்து முடித்தோம் என்று யாருக்கும் தெரியாது.

வசனத்தில் பெரிய தொகையைப் பேசவே விடாதீர்கள். நொந்த வீட்டில் சண்டை சின்னக் காசுக்குத்தான் வரும்.

"ஏங்க, பால்காரருக்குக் குடுத்தாச்சா?"
"நாளைக்குத் தர்றேன்னு சொல்லீட்டேன்."
"நாளைக்கு எங்கிருந்து வருதாம்?"
"வரும்."
"நீங்க சொல்லீட்டு பட்டறைக்குப் போயிர்றீங்க. காலைல கதவத் தொறக்கறது நானு."

இதில் 28 லட்சமும் இருக்கிறது, நகையும் இருக்கிறது.

காதலைத் தனிக் காட்சியாக வைக்காமல் இதே இடங்களில் நுழையுங்கள். சண்டைக்குப் பிறகு இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் 4-ம் தேதி ராத்திரி முரளியின் போனில் தேவியிடமிருந்து 4,438 ரூபாய் வந்து விழுகிறது, குறிப்பு எழுதும் இடம் காலி. இரண்டாம் மாதமும் காலி. மூன்றாம் மாதம் "சாப்டீங்களா" என்று இருக்கிறது. சேர்வதற்கு ஏர்போர்ட் ஓட்டமெல்லாம் தேவைப்படாது.

---

ஐம்பது ஹெர்ட்ஸ் பதில்:

படப்பிடிப்புப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன்.

போன் திரை நிறைய வரும் போலிருக்கிறது. நிஜ வங்கி ஆப்பைக் காட்டாதீர்கள், சின்னமும் பெயரும் பிரச்சினை, நிஜக் கணக்கு விவரமும் வெளியே போய்விடும். கற்பனை வங்கிப் பெயரில் படமாகச் செய்து போனில் முழுத்திரையாகத் திறந்து, ஃப்ளைட் மோடில் வைத்துப் படம்பிடியுங்கள். எழுத்தை நிஜத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக்குங்கள், தியேட்டரில் பின்வரிசைக்கும் அந்த 4,438 தெரிய வேண்டும். 24 பிரேமில் எடுத்தால் ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள். அது 1/50 வினாடி, நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் துடிக்காது. போன் திரையின் வெளிச்சத்தை மிகவும் குறைத்தால் சில மாடல்களில் பட்டை பட்டையாக ஓடும். வெளிச்சத்தைக் கூட்டிவைத்து, மேலே மெல்லிய என்டி ஜெல் (வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல்நிறத் தாள்) ஒட்டிக் குறையுங்கள். முகத்தில் விழும் போன் வெளிச்சத்துக்குப் போனை நம்ப வேண்டாம், சிறிய எல்இடியை மார்பளவில் மறைத்து வைத்தால் போதும்.

பட்டறையில் லேத் சுற்றுவதும் அதே கதை. எல்இடி விளக்கு துடித்தால் சக் (லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) நின்றுவிட்டதுபோலவோ பின்னோக்கிச் சுற்றுவதுபோலவோ தெரியும். ஒரு டெஸ்ட் ஷாட் எடுக்காமல் நாளைத் தொடங்காதீர்கள். ஓடும் லேத் அருகே நடிகர் கையுறையோ தொங்கும் துணியோ அணியக் கூடாது. கன்டினியூட்டி காரணமில்லை, கை போய்விடும். பட்டறை ஆளே அந்த ஷாட்டில் கையாக நிற்கட்டும்.

நோட்டுக் கட்டு அவசியம் வரும் என்றால்: நிஜ நோட்டுப்போல அச்சடிப்பது குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 182-ம் பிரிவு. கலர் ஜெராக்ஸ் எடுத்து வைக்கிற வேலையே வேண்டாம். மேலும் கீழும் நிஜ நோட்டு, நடுவில் அதே அளவில் வெட்டிய வெள்ளைத் தாள், ரப்பர் பேண்ட், ஓரத்தைக் கொஞ்சம் அழுக்காக்கினால் போதும். 500 ரூபாய் நோட்டில் ஒரு கட்டு 50,000. தண்டல் காட்சிக்கு 100 ரூபாய்ப் பழைய நோட்டுகள் கசங்கி இருக்கட்டும். 2,000 நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது 2023 மே 19. அதற்கு முன் நடக்கும் காட்சியில் அது ஒன்றிரண்டு இருந்தால் காலம் தெரியும்.

இன்னொன்று. முரளி மனவருத்தத்தில் சிகரெட் பற்றவைப்பதாக இருந்தால், அந்த நேரம் முழுக்கத் திரையின் கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும், படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் விழிப்புணர்வுப் படமும் சேர்க்க வேண்டும். கதவில் ஒட்டிய காகிதத்தைப் பார்வையாளர் படிக்க வேண்டிய இடத்தில் கீழே இன்னொரு எழுத்து ஓடினால் ஷாட் வீண். சிகரெட்டை எடுத்துவிடுங்கள்.

---

உரைகல்:

காட்சி எண் சொன்ன அட்டவணையில் ஒரு மாற்றுக் கருத்து. மறைப்பவன் முரளி மட்டும் என்றால் தேவி வெறும் நல்லவளாகிவிடுவாள். அவளுக்கும் ஒரு வரி வேண்டும், அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஏலச்சீட்டு கொடுங்கள். ஆசிரியைகள் ஓய்வறையில் சீட்டுப் பேச்சு சர்வசாதாரணம்.

---

பேரேடு:

ஆமாம், இது நல்ல யோசனை. கணக்கு இப்படி வரும்: 2 லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாதம், தலைக்கு 10,000. அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார். 50,000 கழிவுக்கு ஏலம் போனால் எடுத்தவர் கையில் 1,50,000. கழிவிலிருந்து நடத்துபவர் கமிஷன், சீட்டுத் தொகையில் 5 சதவீதம், 10,000 போக 40,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 2,000. அந்த மாதம் எல்லோரும் 8,000 கட்டினால் போதும். பதிவு பெற்ற சீட்டில் கமிஷன் உச்சவரம்பு 7 சதவீதம்.

தேவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்டிவரும் பழக்கம் என்று வையுங்கள். முரளியிடம் சொல்லவில்லை. கெட்ட எண்ணமில்லை, அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது அப்படி. சம்பளம் 24,000-ல் 8,000, 9,000 சீட்டுக்குப் போகிறது, அதனால்தான் அவளால் தவணைக்கு அதிகம் தர முடியவில்லை. முரளி பட்டறையில் தண்டல் வாங்குகிற அதே வாரம், தேவியிடம் எடுக்காத சீட்டு இருக்கிறது. இருவரும் வாய்திறந்து சொல்லியிருந்தால் நகை லாக்கரைவிட்டு நகர்ந்தே இருக்காது. இதை எந்தப் பாத்திரமும் சொல்ல வேண்டாம், தேதிகளைப் பார்த்தாலே பார்வையாளருக்குப் புரியும்.

சிக்கல் எங்கே வரும் என்றும் பாருங்கள். சீட்டை எடுத்தபின் மிச்ச மாதங்கள் கட்டியே தீர வேண்டும், எடுக்கும்போது ஜாமீன் கையெழுத்து கேட்பார்கள். தேவி யாரிடம் கேட்பாள்? கணவனிடம் கேட்டால் ரகசியம் போச்சு. ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சரிடம் கேட்டால், கட்டத் தவறும் நாளில் அந்த டீச்சரைப் பிடிப்பார்கள். ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவுதான். துபாய் நண்பனை நீங்கள் எடுத்துவிட நினைத்தால், இந்த ஜாமீன் கையெழுத்தே அவன் இடத்தை நிரப்பிவிடும்.

---

நொய்யல்கரை:

மிக்க நன்றி. அடியாட்கள் போயாச்சு, பை நிறையப் பணமும் போயாச்சு. அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். சீட்டு வந்ததும் துபாய் நண்பன் அதிகமோ என்று தோன்றுகிறது. ஒரே சந்தேகம்: சீட்டு எடுக்கும் மாதத்தை எங்கே வைப்பது, நகை போவதற்கு முன்னாலா பின்னாலா?

---

காட்சி எண்:

பின்னால், மூன்று வாரம் கழித்து. முன்னால் வைத்தால் தேவி சுயநலக்காரி ஆகிவிடுவாள், ரொம்பத் தள்ளினால் தொடர்பு அறுந்துவிடும். நகை பிப்ரவரி கடைசியில் போகட்டும், சீட்டு ஏலம் மார்ச் 20-ஐ ஒட்டி வரட்டும். அன்றுதான் முரளிக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டிய நாளும். ஒரே நாளில் இரண்டு பேரும் தனித்தனி வரிசையில் நிற்கட்டும். நண்பனைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். அட்டவணை முடியட்டும், அவனில்லாமல் ஏதாவது ஒரு வரி நிற்கவில்லை என்றால் மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.